பாதி வயிற்றுக்கு மட்டும் விறைப்பு ஊசி

சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைமாரே, நான் ஓய்வு பெற்றுவிட்டேன். என் வாய் இன்னும் பெறவில்லை. ஆகவே கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

நாம் மயக்க மருந்து கொடுக்கிறவர்கள். நம்முடைய முகம் நோயாளிக்கு ஞாபகம் இருக்காது. அவர் கண் விழிக்கும்போது சத்திரசிகிச்சை நிபுணர்தான் பக்கத்தில் நின்று நன்றி வாங்கிக்கொண்டிருப்பார். குணமாகி வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து இறால் பொதி கொடுப்பதும் அவருக்குத்தான். நம்மைப் பார்த்து, "நீங்க யாரு மிஸ்?" என்பார்கள். நான் சிலாபக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். நல்ல இறால் பொதி ஒன்று கண்ணெதிரே வேறு கைக்குப் போவதைப் பார்த்துச் சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் கையில் இப்போது நல்ல ஸ்கேன் இயந்திரம் இருக்கிறது. வயிற்றுச் சுவரின் தசைகளை அது படை படையாகத் திரையில் காட்டும். அந்தப் படைகளுக்கு நடுவே ஊசி நுனி போவதையும் மருந்து பரவுவதையும் கண்ணால் பார்க்கலாம். அங்கே ஓடும் நரம்புகள் விறைத்து மரத்துப்போனால் வெட்டின காயம் நோகாது; ஆள் முழு விழிப்போடு இருப்பார். அதை எப்படிப் போடுவது என்று உங்களுக்கு எல்லோரும் சொல்லித் தருவார்கள். எனக்குச் சொல்ல இருப்பது, நல்ல கையுள்ள ஒருவர் எப்போது ஊசியைக் கீழே வைக்க வேண்டும் என்பது. அதற்கு ஜவாத் நானாவின் கதையைச் சொல்ல வேண்டும். முஸ்லிம் ஆட்கள் அண்ணனை நானா என்பார்கள்.

நான் கடைசியாக வேலை செய்த ஆஸ்பத்திரி புத்தளம் மாவட்டக் கரையில் இருந்தது. பெயர் சொல்ல மாட்டேன். இந்தக் கதையில் வரும் தாதி சுனேத்ரா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அவளுக்குக் கோபம் வந்தால் நான் அந்தப் பக்கம் கருவாடு வாங்கக்கூடப் போக முடியாது.

அங்கே நோயாளியிடம் நோவு எவ்வளவு என்று கேட்டு அறிவது பெரிய பாடு. பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்று கேட்போம் அல்லவா? என் ஊர்க் கத்தோலிக்கர்கள் ஊசியைக் கண்டதுமே பதினைந்து என்பார்கள். மாதாவையும் சகல புனிதர்களையும் தியேட்டர் வாசலுக்கு அழைத்துவிடுவார்கள். புத்தளத்து முஸ்லிம் ஆட்கள் நேர் எதிர். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "அல்ஹம்துலில்லாஹ்". எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று அர்த்தம். சுகமாக இருந்தாலும் அதுதான், காலில் திருக்கை முள் ஏறியிருந்தாலும் அதுதான். இறைவன் தந்ததைப் பற்றி முறைப்பாடு சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள். நல்ல வளர்ப்பு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதை எந்த எண்ணாக எழுதுவது? புதிதாக வரும் வைத்தியர்கள் பூச்சியம் என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள்.

ஜவாத் நானாவுக்கும் பூச்சியம் என்றுதான் எழுதியிருந்தது.

அவர் புத்தளம் களப்பு என்ற கடல்நீரேரியின் ஓரத்தில் சிறிய உப்பளம் ஒன்று வைத்திருந்தவர். வெயிலில் காய்ந்து கறுத்த ஒல்லி மனிதர், பீடிப் பழக்கம் உண்டு. குடல் புண் ஓட்டையாகி, வயிறு பலகை போல இறுகிய நிலையில் ஒரு புதன்கிழமை கொண்டுவந்தார்கள். மேல் வயிற்றை நடுவே திறந்து ஓட்டையை அடைத்தார்கள். மயக்கம் கொடுத்தது நான்தான். எல்லாம் நல்லபடி முடிந்தது. மறுநாள் காலை வாட்டுக்குப் போனால், சுனேத்ரா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அனே டொக்டர், இவர் மோர்பின் வேணாம் சொல்றார். எத்தின தரம் கேட்டாலும் வேணாம். நோவு இருக்கா கேட்டா அல்ஹம்துலில்லாஹ். ஆனா மூச்சு எடுக்கிறதப் பாருங்க, மூச்சே இல்ல!"

போய்ப் பார்த்தேன். மூக்கில் குழாய், கையில் சேலைன். கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சின் மேல்நுனியால் மட்டும் சின்னச் சின்னதாக மூச்செடுத்துக்கொண்டிருந்தார்.

"நானா, ஒருக்கா நல்லா இருமுங்க பாப்பம்."

அவர் இருமவில்லை. இரும வேண்டும் என்று நினைத்த உடனேயே நெற்றியில் வியர்வை கட்டிவிட்டது. தம்பி தங்கைமாரே, எண் கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை. கேட்டுவிட்டு இருமவும் சொல்லுங்கள். வாய் எதைச் சொன்னாலும் வயிற்றுக்குப் பொய் சொல்ல வராது. பீடி குடித்த நெஞ்சு வேறு. இப்படி ஆழ மூச்செடுக்காமல், சளி துப்பாமல் கிடந்தால் இரண்டொரு நாளில் நியூமோனியா வந்து நிற்கும். புண்ணிலிருந்து தப்பியவரை நெஞ்சுச் சளிக்குப் பறிகொடுத்துவிட்டு நாம் கையைப் பிசைய வேண்டியதுதான்.

"ஏன் நானா ஊசி வேணாம்?"

கண்ணைத் திறந்தார். "அந்த ஊசி போட்டா மயக்கம் வருமா வராதா, டொக்டர் மிஸ்?"

"கொஞ்சம் தூக்கம் மாதிரி வரும்."

"அப்ப வேணாம். நாளைக்கு என்ட மகள்ட நிகாஹ். எனக்குப் புத்தி வேணும்."

கட்டிலுக்கு அருகில் அந்த மகளே நின்றாள். பெயர் பஸ்லியா. மருதாணி போட்ட கையால் வாப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கதையை அவள்தான் சொன்னாள். உம்மா இல்லாத பிள்ளை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. மாப்பிள்ளை இர்ஷாத் குறிஞ்சிப்பிட்டிக்காரன். ஞாயிற்றுக்கிழமை கட்டாருக்கு விமானம் ஏறுகிறான். போனால் வர இரண்டு வருஷம். நிகாஹ்வில் பெண்ணைக் கையளிக்க வேண்டியவரை அவர்கள் வொலி என்பார்கள். வாப்பா இருந்தால் வாப்பாதான் வொலி. அவருக்குப் புத்தி தெளிவாக இல்லை என்றால் அந்த உரிமை அவருடைய தம்பிக்குப் போகும்.

"தம்பி செய்து வெச்சா என்ன?" என்று நான் கேட்டேன்.

பஸ்லியா வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சாச்சாட மகனுக்கு என்னக் கேட்டாங்க டொக்டர். வாப்பா குடுக்கல்ல. இப்ப சாச்சா செல்றார், நானாக்குச் சுகமாகட்டும், அவசரமில்ல, ரெண்டு வருஷம் பொறுத்துச் செய்வம் என்டு. ரெண்டு வருஷத்துல என்ன நடக்கும் என்டு எனக்குத் தெரியும்."

எனக்கும் தெரிந்தது. வேறு ஒருவரைத் தன் சார்பில் நியமிக்கலாமே என்றேன். நியமிக்கும்போது புத்தி தெளிவாக இருந்ததா என்று அதிலும் சாச்சா கேட்பார் என்றாள் பெண். நல்ல பதில். இந்தப் பிள்ளை சட்டம் படித்திருக்கலாம் என்று நினைத்தேன்.

சற்று நேரத்தில் சாச்சாவே வந்தார். மஹ்ரூப் என்று பெயர். வெள்ளை சாரம், வாசனைத் தைலம், முகமெல்லாம் கவலை. "நானா நோவுல துடிக்கிறாரே டொக்டர், நல்ல பலமான மருந்தாப் போடுங்க. அவர் தூங்கட்டும்" என்று என்னிடம் உருகினார். அண்ணன் மேல் இவ்வளவு அன்புள்ள தம்பியை நான் என் சேவைக் காலத்தில் கண்டதில்லை.

இப்போது நிலைமையைப் பாருங்கள். நோவு நின்றால் மூச்சு வரும், மூச்சு வந்தால் பிழைப்பார். ஆனால் நோவை நிறுத்தும் மருந்து புத்தியை மங்கவைத்தால் மகளின் கலியாணம் போய்விடும். அவர் கலியாணத்தைத் தேர்ந்தெடுத்து நோவைத் தின்றுகொண்டிருந்தார். இந்த இடத்துக்கென்றே செய்தது போல நம்மிடம் நரம்பை விறைக்கவைக்கும் வழி இருந்தது. நான் உற்சாகமாக விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"நீங்க மயக்கம் குடுக்கிற டொக்டர்தானே?"

"ஓம்."

"அப்ப நீங்க போடுற ஊசி மயக்க ஊசிதானே?"

சாமர்த்தியமாகப் பேசி மடக்கியிருக்கலாம். எனக்கு அதற்கு வாய் போதும். ஆனால் பேச்சில் மடக்கிய நோயாளி ஊசி ஏறியதும் சந்தேகத்தில் பதறுவார். அந்தப் பதற்றத்தைப் பார்த்துத் தம்பி மஹ்ரூப், "பாருங்க, புத்தி தடுமாறுது" என்பார். எனவே வேறு வழி யோசித்தேன்.

வழக்கத்தில் இரண்டு பக்கமும் சேர்த்தே போடுவோம். காயம் நடு வயிற்றில் அல்லவா? நான் சொன்னேன்: "நானா, வலப்பக்கம் மட்டும் போடுறன். இடப்பக்கத்தத் தொட மாட்டன். உங்கட புத்தி கொஞ்சம் அசைஞ்சாலும் சொல்லுங்க, அதோட விட்டுருவம். நீங்க கூப்பிடாம நான் வர மாட்டன்."

"பாதி வயித்துக்கா?"

"பாதி வயித்துக்கு."

யோசித்தார். உப்பு வியாபாரி, மாதிரி பார்க்காமல் மூட்டை வாங்குகிறவர் இல்லை. "சரி, போடுங்க" என்றார்.

ஸ்கேன் திரையை அவர் பக்கம் திருப்பிவைத்தேன். ஊசி தோலுக்குள் போனபோது பல்லைக் கடித்தார். பிறகு வெள்ளை வெள்ளையான வரிகளுக்கு நடுவே மருந்து கறுப்பாகப் பரவுவதைக் கண்டதும் நோவை மறந்து பார்த்தார். "பாத்திக்குத் தண்ணி விடுற மாதிரி ஈக்கே" என்றார். போட்டு முடித்து, நிறையத் தெரிந்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டு நான் அடுத்த வாட்டுக்குப் போய்விட்டேன். உண்மையில் கால் அங்கேயே நின்றது. ஒரு பக்கம் மட்டும் போட்டு அது சரிவரப் பிடிக்காவிட்டால், மறுபக்கத்துக்கு அவர் என்னை அண்டவே விட மாட்டார்.

அவர் என்ன செய்தார் என்று பஸ்லியா பின்னால் சொன்னாள். சின்ன வயதில் மனனம் செய்த, குர்ஆனின் நீளமான சூறா ஒன்றை முதலிலிருந்து ஓதினாராம், தன் புத்தியைத் தானே சோதிக்க. ஓரிடத்திலும் தடுக்கவில்லை. சந்தேகம் தீராமல் இன்னொரு முறை ஓதினாராம். மூன்றாம் முறை ஓதிக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்தி, "மகள், அந்த டொக்டரக் கூப்பிடு" என்றிருக்கிறார்.

நான் போனேன், ஓடவில்லை என்று காட்டிக்கொண்டு.

"என்ன நானா, தலை சுத்துதா?"

"தலைக்கு ஒண்டுமில்ல. வலப்பக்கம் சுவர்க்கம் மாதிரி ஈக்கிது. இந்த இடப்பக்கம் என்ன பாவம் செஞ்சது, அதுக்கும் போடுங்க!"

போட்டேன். அதன் பிறகு இருமச் சொன்னேன். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமினார் பாருங்கள், வாட்டே திரும்பிப் பார்த்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? சளி துப்பின சத்தத்துக்கு ஆனந்தப்படுகிறவர்கள் உலகத்தில் நாம் மட்டும்தான்.

இந்த விறைப்பு அரை நாள் சொச்சம் நிற்கும். ஆகவே வெள்ளிக்கிழமை காலையும் இரண்டு பக்கமும் போட்டுவிட்டேன். ஜும்ஆத் தொழுகை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். வாட்டின் கோடியில் இருந்த சின்ன அறையில் அஞ்சாறு பேரோடு நிகாஹ்வை முடித்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் அனுமதி கிடைத்தது. ஜவாத் நானா சுனேத்ராவின் கையைப் பிடித்து நாலு அடி நடந்தும் காட்டினார். நடக்கிறேனே, இந்தச் சிறுநீர்க் குழாயைக் கழற்றிவிடுங்கள் என்றார். அந்தப் பையோடு தொழுவது அவருக்கு மனசுக்கு ஒப்பவில்லை, சுத்தம் போதாது என்று. சத்திரசிகிச்சை நிபுணரும் சரி என்றார், குழாயைக் கழற்றினார்கள். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிச் சுத்தமாகும் வுளூவைச் செய்து, கட்டிலில் உட்கார்ந்தபடியே லுஹர் என்ற மதியத் தொழுகையைத் தொழுதார். எல்லாம் அழகாகப் போய்க்கொண்டிருந்தது. அப்படி அழகாகப் போகும்போது கொஞ்சம் பயப்படப் பழகுங்கள்.

கலியாணப் பதிவாளருக்கு அன்றைக்கு வேறு நிகாஹ்களும் இருந்தன. அவர் வரத் தாமதம், அவர் இல்லாமல் மாப்பிள்ளை வந்தும் பயனில்லை. ஒருவழியாகப் பின்னேரத்து அஸர் தொழுகைக்குக் கிட்ட எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். வெள்ளைத் தொப்பியும் புதுச் சட்டையுமாக இர்ஷாத், அவனுடைய வாப்பா, மௌலவி, பதிவாளர், சாட்சிகள். மாப்பிள்ளை வீட்டார் சர்பத்தும் ஐஸ் பெட்டியும் கொண்டுவந்திருந்தார்கள். திரைக்கு அப்பால் பஸ்லியா. சாச்சா மஹ்ரூப்பும் தவறாமல் வந்திருந்தார். பதிவாளர் பேனாவை எடுத்தார்.

என்னைச் சுனேத்ரா தியேட்டருக்கு வந்து அழைத்தாள். "டொக்டர், ஓடி வாங்க, ஜவாத் நானாக்கு சரியில்ல."

இந்தத் தடவை ஒளிவு மறைவில்லாமல் ஓடினேன். ஜவாத் நானா கதிரையில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, வியர்வை வழிந்தது. நாடி வேகமாக ஓடியது. ஒரு நிலையில் இருக்க முடியாமல் அசைந்துகொண்டிருந்தார். கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை.

"பாத்தீங்களா," என்றார் மஹ்ரூப், "அந்த மருந்து தலைக்கு ஏறிட்டு. இந்த நிலைமையில நிகாஹ் செய்யலாமா? நீங்களே செல்லுங்க மௌலவி."

பதிவாளர் பேனாவை மூடினார்.

நானாவைக் கட்டிலில் படுக்கவைத்தோம். "எங்க நோகுது?" என்றேன். கையைக் காட்டாமல், "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பல்லிடுக்கால். சத்திரசிகிச்சை நிபுணருக்குப் போன் போட்டேன். "தையல் விட்டிருக்கும். தியேட்டரைத் தயார்பண்ணுங்கோ, நான் வாறன்" என்றார். தையல் விட்டிருந்தால் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டும். அந்த நெஞ்சோடு இன்னொரு தடவை மயக்கம் கொடுத்தால் எழும்புவாரா என்று எனக்கு நிச்சயமில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து பஸ்லியா வந்து என் கையைப் பிடித்தாள். புதுப்பெண் சோடனையோடு கண்ணீர். "டொக்டர், காலையில போட்ட ஊசியத் திருப்பிப் போடுங்க. ரெண்டு நிமிஷம் நோவில்லாம இருந்தாப் போதும். அந்த வார்த்தையச் செல்லி முடிச்சிருவார்."

எனக்கு மனம் இளகியது, மறைக்க மாட்டேன். எல்லோரும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கேன் இயந்திரம் பக்கத்திலேயே நின்றது. ஊசி போடுவது எனக்குச் சுலபம். ஆனால் வயிற்றுக்குள் ஏதோ கெட்டுப்போயிருந்தால், இப்போது கத்துவது அந்த நோவு ஒன்றுதான். அதன் வாயை அடைத்துவிட்டு நிகாஹ் நடத்தி, அந்தப் பிள்ளைக்குக் கலியாணத்தையும் வாப்பாவின் மையித்து அடக்கத்தையும் ஒரே கிழமையில் கொடுக்கவா?

"இல்ல மகள். முதல்ல ஏன் நோகுது என்டு பாக்கணும்" என்றேன். அவள் கையை விட்டாள். என்னை எவ்வளவு வெறுத்திருப்பாள் என்று அந்த முகத்தில் தெரிந்தது.

விறைப்பு விட்டுப்போய் காயம் நோகிறதா, விறைப்பு இருக்கும்போதே உள்ளேயிருந்து நோகிறதா? முதலில் அது தெரிய வேண்டும். விறைத்த இடத்தில் ஐஸ் குளிராது. வாட்டில் ஐஸ் ஏது? "அந்தச் சர்பத் ஐஸ்ல ஒரு துண்டு தாங்க" என்று கையை நீட்டினேன். மாப்பிள்ளையின் வாப்பா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மயக்க டொக்டருக்கு இந்த நேரத்தில் தாகம் என்று நினைத்திருப்பார். ஆனாலும் தந்தார். காயத்தின் வலப்பக்கம் வைத்தேன், இடப்பக்கம் வைத்தேன். "குளிரல்ல" என்றார் நானா. கையில் வைத்தேன், சட்டென்று இழுத்தார். விறைப்பு அப்படியே இருந்தது.

அப்படியென்றால் நோவு உள்ளே.

உங்களுக்கு இதைத்தான் சொல்ல வந்தேன்: போட்ட விறைப்பு வேலை செய்துகொண்டிருக்கும்போதே நோவு வந்தால், மருந்தைத் தேடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். நான் தேடினேன். மேல் வயிற்றை அமத்தினேன்; இளகித்தான் இருந்தது. தையல் விட்ட வயிறு இப்படி இளகி இருக்காதே. கையைக் கீழே கொண்டுபோனேன். தொப்புளுக்குக் கீழே இறுகின பந்து போல ஏதோ தட்டுப்பட்டது. நானா துள்ளினார். ஸ்கேனை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன்.

திரை முழுக்கக் கறுப்புத் தண்ணீர். புத்தளம் களப்பே அங்கே வந்து கிடந்தது.

காதருகில் குனிந்து கேட்டேன்: "நானா, கடைசியா எப்ப ஒண்டுக்குப் போனீங்க?"

கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"நானா!"

"வுளூ முறிஞ்சிருமே, மிஸ்," என்று முணுமுணுத்தார். "நிகாஹ்வுக்கு வுளூவோட இரிக்கணும் என்டு லுஹருக்கு எடுத்தது. மாப்புள ஆக்கள் இப்ப வருவாங்க, இப்ப வருவாங்க என்டு அடக்கிட்டு இருந்தன். வந்ததுக்குப் பொறகு சம்பந்திக்கு முன்னால போத்தல் கேக்க ஏலுமா?"

காலையில் குழாயைக் கழற்றியது முதல் சேலைன் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே ஒரு சொட்டுப் போகவில்லை. நான் நிமிர்ந்தேன். சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தால் முகம் எப்படி ஆகுமோ அப்படி ஆகியிருக்கும். மௌலவியைப் பார்த்து, "நிகாஹ்வுக்கு வுளூ கட்டாயமா?" என்று கேட்டேன்.

அவர் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். தாடிக்குள் சிரித்தபடி, "இருந்தா நல்லம் மிஸ். கட்டாயம் இல்ல. உயிர வதைச்சிக் காப்பாத்தச் சொல்லியும் இல்ல" என்றார்.

எல்லோரையும் வெளியே அனுப்பினோம். சுனேத்ரா திரையை இழுத்தாள், ஆண் சிற்றூழியர் போத்தலோடு உள்ளே போனார். சற்றுப் பொறுத்து அவர் தலையை மட்டும் நீட்டி, "இன்னொரு போத்தல்" என்றார். அந்த நேரம் பார்த்துச் சத்திரசிகிச்சை நிபுணர் மூச்சிரைக்க ஓடி வந்தார், தொப்பியும் முகமூடியுமாக, வயிற்றைத் திறக்கத் தயாராக. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் தானும் ஒரு முறை வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு, கதிரையில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் சர்பத் வாங்கிக் குடித்தார். அதுவும் அவருக்குத்தான் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஜவாத் நானாவின் முகம் பழையபடி ஆகிவிட்டது. நாடி அடங்கியது, எல்லோரும் திரும்பவும் உள்ளே வந்தார்கள். ஆனால் மஹ்ரூப் அடங்கவில்லை. "நோவு போனது சந்தோஷம்," என்றார், "ஆனா ரெண்டு நாளா ஊசி போட்ட ஆள். புத்தி தெளிவு என்டு யார் பொறுப்புச் செல்றது? நாளைக்கு ஒரு கதை வரக் கூடாதே." பதிவாளர் தயங்கினார். என்னைப் பார்த்தார்கள். நான் என் மருந்துக்குப் பொறுப்புச் சொல்லலாம்; இவர்கள் குடும்பத்துக்கு முன்னால் என் சொல் எவ்வளவு தூரம் போகும்?

கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார் ஜவாத் நானா, மூக்கில் அந்தக் குழாயோடு.

"நீயே கேளு மஹ்ரூப். எனக்குப் புத்தி ஈக்கா இல்லையா என்டு நீயே பாரு. நீ கேக்காட்டி நான் செல்லவா? நம்மட உப்பளத்துக்கு நடுவால போற வரம்ப, வாப்பா மவுத்தாகி அடக்கின வருஷம், மாரி மழையோட மழையா நீ எத்தின முழம் என்ட பக்கம் தள்ளி வெச்சாய் என்டு செல்லவா? எந்தக் கூலியாளக் கொண்டு வெட்டினாய் என்டு செல்லவா? அவன்ட பேரும் ஞாபகம் ஈக்கிது."

மஹ்ரூப் தொப்பியைக் கழற்றி, அதன் உள்பக்கத்தை வெகு கவனமாகப் பார்த்து, திரும்பவும் போட்டுக்கொண்டார்.

"புத்தி நல்லாத்தான் ஈக்கிது," என்றார்.

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் வாப்பா. பிறகு எல்லோரும். ஜவாத் நானாவும் சிரித்தார், வயிற்றைப் பிடிக்காமல், வாய்விட்டு. மேல் வயிற்றைப் பிளந்து தைத்தவர் மூன்றாம் நாள் அப்படிச் சிரிப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை. மஹ்ரூப்பும் கடைசியில் சிரித்துவிட்டார். வேறென்ன செய்வார், பாவம்.

பதிவாளர் பேனாவைத் திறந்தார். இர்ஷாத் எதிரே உட்கார்ந்து கையை நீட்டினான். உப்பில் ஊறி வெடித்த கையால் ஜவாத் நானா அதைப் பிடித்தார். எங்கும் தடுக்காமல், ஒரு மூச்சில், வாட்டின் மறு கோடிக்குக் கேட்கும் குரலில் சொன்னார்: "என்ட மகள் பாத்திமா பஸ்லியாவ, பேசின மஹர்த் தொகைக்கு, உங்களுக்கு நிகாஹ் செஞ்சி தந்தேன்."

"ஏற்றுக்கொண்டேன்" என்றான் பையன். அவன் குரல்தான் நடுங்கியது.

எனக்குக் கண் கலங்கியது. ஊசி போட்டதற்காக இல்லை. அந்த ஒரு மூச்சுக்காக. முந்தின நாள் காலையில் ஒரு இருமலுக்குப் போதாத மூச்சு அது.

ஆட்கள் துஆவுக்குக் கையேந்தி முடித்தார்கள். பஸ்லியா வெளியே வந்து வாப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள். அவர் அவள் தலையைத் தடவியபடியே அழுதார், துடைக்கவும் இல்லை. பிறகு அவளுடைய தலைக்கு மேலாக என்னைத் தேடினார்.

"டொக்டர் மிஸ், குடுக்க வேண்டிய வார்த்தையக் குடுத்துட்டன்," என்றார். "இனி அந்த மோர்பினக் கொண்டாங்க. ரெண்டு நாளா நித்திரயில்ல, புத்தியோட இருந்து களச்சிப் போயிட்டன்."